சக்கை ஜாமீன்

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் மகாராஜாவுக்கு அடுத்தபடி யாருக்கும் பயப்படாத மனுஷர் எங்கள் ஊர் சக்கை ஜாமீன்தான். மகாராஜாவுக்குக் கோட்டையும் பட்டாளமும் இருந்தன. இவருக்கு இருந்தது ஒரே ஒரு பலாமரம். எங்கள் பக்கத்தில் பலாப்பழத்தைச் சக்கை என்போம். அந்த மரத்தைக் காட்டி ஊர் ஏழைகளுக்கெல்லாம் ஜாமீன் நின்றதால் அந்தப் பேர். அப்பன் வைத்த பேர் அவருக்கே ஞாபகம் இருந்ததோ என்னவோ!

குழித்துறைப் பக்கம் ஒரு கோர்ட்டுக்கு எதிரே நான் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தேன். காலையில் ஜெபம் பண்ணிவிட்டுக் கடையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். இடுப்பில் அழுக்கு முண்டு, மேலே செத்துப்போன வக்கீல் ஒருவருடைய கறுப்புக் கோட்டு. அந்த வக்கீல் நல்ல தடியர். கோட்டுக்குள் இவர் முற்றிய தேங்காய்க்குள் கொப்பரை மாதிரி ஆடிக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. திருடினால் ஜெயில் என்பது நியாயம். ஒன்றும் திருடாமல், கையில் ஒன்றும் இல்லாமல் இருந்தாலும் ஜெயில்! பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவனைப் போலீஸ் பிடித்து வரும். இவன் ஒழுங்காக இருப்பான் என்று சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும். கஞ்சிக்கு இல்லாதவனுக்குச் சொத்துள்ள சிநேகிதன் எங்கேயிருந்து வருவான்? வராவிட்டால் ஒரு வருஷம் உள்ளே. இதற்குப் பேர் தர்மராஜ்யம்!

அப்போதுதான் கோர்ட்டில் பின்னாலிருந்து, "நான் உண்டு எசமானே!" என்று ஒரு குரல் வரும்.

"உமக்கு என்ன தொழில்?" என்பார் மாஜிஸ்திரேட்.

"ஜாமீன் நிக்கதுதான் எசமானே. சீசன்ல சக்க விக்கேன்."

"ஒரு மரத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கய்யா நிற்பீர்?"

"ஒரே நேரம் எத்தன சக்க தொங்குது! மரம் ஒடிஞ்சா போச்சு? நான் ஜாமீன் நின்னவன் ஒருத்தனாவது ஓடினதுண்டா?"

பழைய மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார். அடுத்து வந்தவருக்குச் சிரிப்பு வராது.

அந்தச் சமயத்தில்தான் ஞானமுத்து அகப்பட்டான். பனையேறி. பனையிலிருந்து விழுந்து வலக்கை ஒடிந்து, சுமை தூக்கவாவது வேலை கிடைக்குமா என்று சந்தைக்கு வந்தவன் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டான். அதுதான் அவன் செய்த பாதகம். அவன் பெண்சாதி செல்லம்மாள் வாயும் வயிறுமாக, கஞ்சிக் கலயத்தோடு என் கடை வாசலில் வந்து நின்றாள். புருஷன் ஒரு வருஷம் உள்ளே போனால் அவளும் பிள்ளையும் பிழைக்க வழியே கிடையாது.

சக்கை ஜாமீன் மரத்தைக் காட்டினார். "பயனில்லாத மரம்" என்று எழுதி, புது மாஜிஸ்திரேட் ஜாமீனைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் என் கடைப் பெஞ்சிலிருந்த பண்ணையார் மகனைச் சக்கை ஜாமீன் கையைப் பிடித்து எழுப்பினார். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை வெற்றிலை மென்று துப்புவதைத் தவிர அந்தப் பிள்ளை வேறொன்றும் செய்து நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவனும் கோர்ட்டுக்குள் போனான்.

"எசமானே, இவருக்கும் ஒரு வேல கெடையாது. பிடிச்சு உள்ள போடணும்!"

"அவருக்கு வயல் இருக்கிறது ஓய்!"

"வயல்ல இவரு கால வச்சதுண்டா? கேட்டுப் பாருங்க."

பண்ணையார் மகன் முகத்தைச் சுளித்தான். "சேறு நமக்கு ஒத்துக்காது."

"கேட்டீளா எசமானே? ரெண்டு கையும் உள்ளவன் சும்மா இருந்தா பெரிய மனுசன். கையொடிஞ்சவன் சும்மா இருந்தா கள்ளன். அப்போ சும்மா இருக்கது குத்தமில்ல, வயலு இல்லாததுதான் குத்தம். அத அப்படியே எழுதித் தாங்க, நான் போறேன்."

மாஜிஸ்திரேட்டின் முகம் மிளகாய்ப்பழமாயிற்று. "வெளியே தள்ளு இவனை!" சேவகர்கள் இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கோட்டு மட்டும் வெளியே வந்தது. ஆள் உள்ளேயே நின்றார்.

இளவட்ட வக்கீல் ஒருவர் கூலி வாங்காமல் மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டார். விசாரணை நாளன்று சக்கை ஜாமீன் ஒரு பழுத்த சக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். "சக்கைய மேல கெட்டும்வே" என்றான் கண்டக்டர். "இவனாக்கும் சாட்சி. இங்ஙனதான் இருப்பான்" என்று சக்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வடசேரியில் இறங்கும்போது பஸ் முழுக்க மணத்தது.

கோர்ட்டில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். "என்ன வாசனை இது?" என்றார் ஜட்ஜ்.

"பயனில்லாத மரம்னு எழுதினாங்கல்லா எசமானே, அதுக்க வாசனையாக்கும்!"

ஜட்ஜ் சிரிக்கவில்லை. கேஸ் கட்டைப் புரட்டினார். "கை ஒடிந்ததைத் தவிர இந்த ஆள் வேறு என்ன செய்தான்?" என்று சர்க்கார் வக்கீலைக் கேட்டார். ஞானமுத்துவை விடச் சொல்லி உத்தரவாயிற்று.

விட்டார்கள். ஆனால் லாக்கப்பில் கட்டுப்போட ஆளில்லாமல் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனிமேல் பனையேற முடியாது. அதற்கு எந்தக் கோர்ட்டில் அப்பீல் போடுவது? சட்டமும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது.

"தொழில் என்னன்னு அவனுவ கேட்டா, சக்க வியாபாரம்னு சொல்லு மக்கா" என்று சக்கை ஜாமீன் அந்த மரத்தையே ஞானமுத்துவின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் இதற்காகத்தான் காத்திருந்தது. மரமில்லாத மனுஷரை, பிழைப்புக்கு வழியற்றவர் என்று அதே சட்டத்தில் பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இவருக்கு ஜாமீன் நிற்க யாராவது உண்டா?" என்றார் மாஜிஸ்திரேட், சிரிப்பே வராத அந்த மனுஷர், சிரித்துக்கொண்டு.

பின்னாலிருந்து ஒரு கோணல் கை உயர்ந்தது.

"நான் உண்டு எசமானே! மரம் இப்ப எனக்க பேருல."

மேல்கோர்ட்டே முகர்ந்து பார்த்த மரம். மறுபடியும் பயனில்லை என்று எழுத மாஜிஸ்திரேட்டுக்குக் கை வரவில்லை. கூண்டுக்குள்ளிருந்து சக்கை ஜாமீன் சத்தம் போட்டார்: "தைரியமா எடுத்துக்கிடலாம் எசமானே, கொள்ளாவுந்த மரம், நல்ல மரமாக்கும்!"

நமக்காக ஜாமீன் நின்றவர் ஒருவர் பரலோகத்தில் இருக்கிறார் என்று போதகர் பிரசங்கம் பண்ணும்போதெல்லாம், கண்ணை மூடினால் எனக்குச் சக்கைப்பழம் மணக்கிறது. ஆண்டவர் இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார்.