ஏழாவது ஸ்லைடு

கண்ணைக் கட்டிக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையில் என்ன படம் ஓடுகிறதென்று அப்படியே சொல்கிறார்! அதோடு விடுகிறாரா? உன் தொழில் உருப்படுமா, உருப்படாதா என்பதையும் சொல்லிவிடுகிறார்! இப்படி ஒரு செய்தி பரவினால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? வியாபாரிகள் சங்கத்தின் மாதாந்திரக் காலைக் கூட்டத்துக்கு முன்பெல்லாம் இருபது பேர் வந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் காப்பிக்காக வந்தவர்கள். இப்போது ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கே மாடிப்படியில் வரிசை. நாற்காலி போதாமல், கீழ்த்தளத்துப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள்.

சங்கத்தின் விதி எளியது. ஒருவருக்கு இருபது ஸ்லைடு. ஸ்லைடுக்குப் பதினைந்து விநாடி. செயலாளர் மணியடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், ஸ்லைடுகள் தாமாகவே மாறிக்கொண்டே போய் ஐந்தாவது நிமிடத்தில் நின்றுவிடும். மைக்கைப் பிடித்தால் விடாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஸ்லைடு ஞானி வந்து சேரும் வரை.

ஞானி தம் பங்குக்குச் சில விதிகளைச் சேர்த்தார். ஸ்லைடு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. பேச்சு அதிர்வைக் கெடுக்குமாம். தொழிலைப் பற்றிப் பேச வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஞானி வெறுங்காலோடுதான் உட்காருவார். படத்தின் அதிர்வு தரைவழியாக உள்ளங்காலில் ஏறுமாம். அப்புறம், மூன்று நாளைக்கு முன்பே எல்லாருடைய ஸ்லைடுகளும் ஞானிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எதற்கு? சுத்திகரிக்க! தக்காளி வாங்கினால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிற கூட்டம் இது. இந்த விதியை மட்டும் ஒருவர்கூட அமுக்கிப் பார்க்கவில்லை.

காணிக்கை என்று சொன்னால் ஞானிக்குக் கோபம் வரும். 'அதிர்வுத் திருத்த ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் மாறியதே தவிர, வாங்கும் கை மாறவில்லை.

அவருடைய முதல் சீடர் மெத்தைக்கடைக்காரர். நீல நிறம் உமக்கு ஆகாது என்று ஞானி சொன்ன அன்றே, கடையிலிருந்த நீல மெத்தைகளையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர். அவற்றை வாங்கிப் போனவர் ஞானியின் மைத்துனர். ஊருக்கே தெரிந்த விஷயம், மெத்தைக்கடைக்காரருக்கும் தெரியும். "பாத்தீங்களா, அவரு குடும்பமே நம்ம தோஷத்தைத் தாங்கிக்குது!" என்று கண்கலங்கினார்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டது ஒரு பூட்டுக்கடை. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கடை. அக்கா பூட்டைப் பழுதுபார்ப்பார், சாவி வெட்டுவார். எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரம்மா. தம்பி வாடிக்கையாளர்களைக் கவனிப்பார், ஸ்லைடு செய்வார். போன மாதம் இவர்கள் முறை வந்தபோது, ஏழாவது ஸ்லைடில் ஞானி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"ஒரு பொம்பள தெரியறா. கையில அரம். இந்தக் கை கடையில இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒரு கதவும் திறக்காது!"

ஏழாவது ஸ்லைடில் இருந்தது அக்காவின் புகைப்படம். நூறு பேருக்கு நடுவில் பூட்டுக்காரம்மா தலைகுனிந்து நின்றார்.

பத்து நாள் தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பதினோராவது நாள், கடைக் கூட்டிலிருந்து அக்கா விலகிக்கொள்வதாக எழுதிய காகிதத்தோடு வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காத. நீ கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடு."

"கடைய ஆரம்பிச்சது யாருடா?"

"நீதான்."

"உனக்குச் சாவி வெட்டக் கத்துக் குடுத்தது?"

"நீதான். இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா ஏழாவது ஸ்லைடு அப்படி இருக்கே, நான் என்ன பண்றது!"

பூட்டுக்காரம்மாவுக்கு அழுகை வந்தது. பதினெட்டு வருட உழைப்பு ஒரு படத்தில் போகிறதென்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் அழுதுகொண்டே யோசித்தார். பூட்டு வேலை பார்க்கிறவர்கள் திறக்காத பூட்டைக் கும்பிட மாட்டார்கள். காதை வைத்துக் கேட்பார்கள். போன மாதம் தலைகுனிந்து நின்றபோது கண்ணில் பட்ட ஒரு சங்கதி இப்போது அவருக்கு நினைவு வந்தது.

"சரிடா, கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த மாசம் இன்னொரு தடவ பார்த்துடலாம். என் படத்த எடுத்துட்டு, ஏழாவதுல ஒரு பூட்டுப் படம் போட்டு அவருக்கு அனுப்பு. தடை போச்சுன்னு அவர் சொன்னா, அங்கேயே கையெழுத்து."

தம்பி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூட்ட நாள் வந்தது. பூட்டுக்கடையின் முறை வந்ததும் பூட்டுக்காரம்மா செயலாளரிடம் ஒரு பென் டிரைவை நீட்டிக் கிசுகிசுத்தார். "சின்னத் திருத்தம் சார். நானே ஓட்டிக்கறேன்." செயலாளர் தலையை ஆட்டிவிட்டு மணியடித்தார். திரை என்ற பெயரில் இருந்த வெள்ளைச் சுவரில் கடையின் பெயர்ப்பலகை விழுந்தது.

"ஒண்ணு. பெயர்ப்பலகை. மஞ்சள் எழுத்து," என்றார் ஞானி. அவையோர் சிலிர்த்தார்கள்.

"ரெண்டு. இரும்பு ஷட்டர், பாதி திறந்திருக்கு."

திரையில் இன்னும் அதே பெயர்ப்பலகை! ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெத்தைக்கடைக்காரர் மட்டும் அசரவில்லை. பக்கத்து ஆளின் காதில் கிசுகிசுத்தார்: "வராத ஸ்லைடையே பாக்குறாருய்யா! எதிர்காலம்!" அது பெஞ்சுக்குப் பெஞ்சு தாவி, கைதட்டலாக வெடித்தது. தப்பாகச் சொன்னால் அதற்கும் கைதட்ட ஆளிருக்கும்போது ஞானிக்கு என்ன குறை? லேசாகப் புன்னகைத்தார்.

பூட்டுக்காரம்மா பொத்தானை அழுத்தினார். அடுத்த ஸ்லைடில் படம் இல்லை. ஒரே ஒரு வரி: 'ஐயாவின் வலது கால் கட்டைவிரலைப் பாருங்கள்.'

இருநூறு கண்கள் கீழே இறங்கின. அந்தக் கட்டைவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. டக், டக், டக். விநாடிக்கு ஒன்று.

"மூணு. சாவிக்கொத்து. பித்தளை," என்றார் ஞானி. விரல் சற்று நின்று மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அவையோரின் உதடுகளும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கின.

யாரோ கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பூட்டுக்காரம்மா குனிந்து புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினார். இப்போது எதிரே வெறும் சுவர். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.

"நாலு. சிரிக்கிற வாடிக்கையாளர்."

சுவர்.

"அஞ்சு. பெட்டகம். சாம்பல் நிறம்."

சுவரில் ஒரு பல்லி ஓடியது. "பல்லியச் சொல்லலையே?" என்று மெத்தைக்கடைக்காரர் முதன்முறையாக முணுமுணுத்தார்.

ஆறாவதும் சுவராகவே கழிந்தது. ஏழாவதுக்கு ஞானி குரலை உயர்த்தினார். "பெரிய பூட்டு! ஆஹா, சுத்தம்! அந்தப் பொம்பள போயாச்சு. தடை விலகியாச்சு!"

"போகலைங்க. இங்கதான் நிக்கிறேன்," என்று சொல்லி, பூட்டுக்காரம்மா அவருடைய கண்கட்டை அவிழ்த்தார்.

ஞானி திரும்பிச் சுவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தம் காலையே பார்ப்பதைப் பார்த்துக் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"கரண்ட் போனதால அதிர்வு கொஞ்சம்…"

"கரண்ட் போய் முக்கால் நிமிஷம் ஆச்சு. படம் நின்னுடுச்சு. நீங்க நிக்கலையே!"

அறை குலுங்கச் சிரித்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆலோசனைக் கட்டணம் கட்டியவர்கள் என்பதால், அந்தச் சிரிப்பு சீக்கிரமே வேறு குரலுக்கு மாறியது. ஞானி எழுந்து படியிறங்கியபோது காலில் செருப்பில்லை.

தம்பி காகிதத்தை எடுத்துக் கிழித்தார். "அக்கா, மன்னிச்சிடு. அவன் ஏமாத்திட்டான்."

"அவன் அவன் வயித்துக்கு ஏமாத்தினான். நீ எதுக்குடா ஏமாந்த? பதினெட்டு வருஷமா பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறேன், என் கையப் பத்தி உனக்கு இன்னொருத்தன் சொல்லணுமா?"

தம்பி கிழித்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார்.

மெத்தைக்கடைக்காரர் மெல்ல அருகில் வந்தார். "ஏம்மா, இவரு போலி. ஒத்துக்கறேன். ஆனா மேலத் தெருவுல ஒருத்தர் விசிட்டிங் கார்டை மோந்து பாத்தே பலன் சொல்றாராம். அவர்கிட்ட ஒரு தடவ…"

பூட்டுக்காரம்மா வயரைச் சுருட்டியபடியே சொன்னார்:

"அண்ணே, வெளியில பூட்டினது எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, திறந்து தரேன். மண்டைக்கு உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, அத நீங்கதான் திறக்கணும்."