முட்டைக்கு வேண்டிய அமைதி

டென்சில் ஹாலில் இருந்த மீன்தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். உள்ளே சாய்த்து வைத்திருந்த ஸ்லேட்டுப் பலகை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. காலையில் அதில் ஒட்டியிருந்த முட்டைகளைப் பெற்ற தாயும் தகப்பனுமே தின்று தீர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. பெயர் மட்டும் ஏஞ்சல் மீன்.

"மறுபடியும் போச்சா?" என்றாள் மனைவி குளோரியா. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போன இருவரும் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"எல்லாம் உன் சர்ச் கொயர் நேத்து இங்க பாடிப் போட்ட சத்தம்! முட்டை போட்ட மீனுக்கு அமைதி வேணும்னு வீடியோல தெளிவா சொல்றான்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதே கதைதான். ஹீட்டர் வாங்கினீங்க, ஆர்.ஓ. தண்ணி ஊத்தினீங்க, மூணு பக்கமும் கறுப்புப் பேப்பர் ஒட்டினீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் போச்சுன்னா தொட்டியை வித்துடணும். அந்த எடத்துல என் கீபோர்டு வரும்."

டென்சில் தொட்டியைக் கைகளால் அணைத்துக்கொண்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கத் தேடினாலும் அவர் பேச்சை எழுந்து போகாமல் கேட்கும் ஜீவன்கள் அந்த இரண்டுதான். பாடகர் குழுவிலிருந்து அவரை வெளியே அனுப்பியதே குளோரியாதான். அவர் வாயைத் திறந்தால் ஆர்கன் வாசிப்பவர் கையை எடுத்துவிடுவார்.

மாதா திருவிழா நெருங்கியதால் குழு தினமும் சாயங்காலம் டென்சில் வீட்டு ஹாலில்தான் பாடிப் பழகியது. அடுத்த முறை பலகையில் முட்டை விழுந்த அன்று, குளோரியா வேலைக்குப் போனதும், குழுவில் அடிக்குரல் பாடும் கிளிஃபர்டுக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கு யாரும் வர வேணாம்ப்பா. ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கறோம்."

கிளிஃபர்டின் தொழிலே பெயிண்டிங் கான்ட்ராக்ட் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சற்று நேரத்தில் ஏணியோடும் சுவர் தேய்க்கும் மெஷினோடும் வந்து நின்றான்.

"என்னை விட்டுட்டு வேற ஆளைக் கூப்பிடுவீங்களா அண்ணா?" என்று மெஷினை ஓட்டினான். அது போட்ட கூச்சலில் தொட்டித் தண்ணீரே நடுங்கியது.

டென்சில் சோபாவில் சரிந்தார். "உடம்பெல்லாம் எரியுதுடா. சிக்கன் பாக்ஸ் போல இருக்கு. கிட்ட வராதே!"

கிளிஃபர்ட் ஏணியைக்கூட எடுக்காமல் ஓடினான். ஓடினவன் ஊரெல்லாம் சொல்வான் என்று டென்சில் யோசிக்கவில்லை.

சாயங்காலம் குளோரியா வந்து விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வதற்குள் மொத்தக் குழுவும் வாசலில் நின்றது.

"எங்களுக்கெல்லாம் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, பயமில்ல" என்றாள் குழுவில் மூத்தவளான ஆஞ்சலா. "டென்சிலுக்காக ஜெபம் பண்ணாம விட்டுடுவோமா?"

குளோரியா புருஷனைப் படுக்கையறைக்குள் தள்ளி, முகமெங்கும் கலமைன் லோஷனால் புள்ளி வைத்தாள். "மூச்சு விடாம படுங்க. என் மானமே போகுது."

ஹாலில் ஜெபம் தொடங்கிப் பாட்டாக மாறியது. கிதார் சேர்ந்தது, பிறகு டிரம்மும் சேர்ந்தது. உள்ளே டென்சில் ஒவ்வொரு முட்டைக்கும் மனத்துக்குள் அடக்கப் பூசை நடத்தினார். நிஜமாகவே கண்ணீர் வந்து புள்ளிகளைக் கரைத்தது.

ஆனால் மறுநாள் காலை முட்டைகள் அப்படியே இருந்தன! தாயும் தகப்பனும் மாற்றி மாற்றித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. டென்சில் குதித்த குதியில் குளோரியாவே இளகிவிட்டாள்.

"சரி, குஞ்சு வர்ற வரைக்கும் பிராக்டீஸ் கிளிஃபர்ட் வீட்ல வெச்சுக்கறோம். நிம்மதியா இருங்க."

சாயங்காலம் அவள் கிளம்பியதும் டென்சில் மின்விசிறியை அணைத்தார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றினார். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில் தாய் மீன் மெல்லத் திரும்பி, ஒரு முட்டையைப் பிடுங்கி விழுங்கியது. தகப்பன் அடுத்ததை நோக்கிப் போனது.

பதறிப்போன டென்சில், மர்பி டவுனில் அந்த மீன்களை விற்ற நாகேஷைப் போனில் பிடித்தார்.

"திங்குதப்பா நாகேஷ்! வீட்ல சின்னச் சத்தம்கூட இல்லையே!"

"அய்யோ, அதான் சார் கெட்டுது! என் கடைக்கு மேல பேண்டு செட்காரங்க பிராக்டீஸ் ரூம். அந்த டமடமாவுலயே பொறந்து வளந்த மீனுங்க சார், சத்தம் நின்னாதான் பயந்துபோய் முட்டையைத் தின்னும், அதனால வீட்ல வேற யாரும் இல்லன்னா பரவால்ல, நீங்களே வாயைத் திறந்து பாடுங்க!"