வெறும் அம்பது நிமிசம்

"கடல் பாலத்தைப் பூட்டிப்போட்டாங்கள். காத்தாம்," என்றாள் மனைவி ஞானேஸ்வரி தொலைபேசியில். "காரும் இல்லை, றெயினும் இல்லை. நீங்கள் பிளேனிலை வாங்கோ."

ஆனந்தராஜா யன்னலால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி தெருவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"பாலத்துக்கே ஆகாத காத்திலை பிளேன் பறக்குமோ?"

"காறுப் எயாப்போட்டிலை இருந்து கோப்பன்ஹேகன் இருநூத்தைம்பது கிலோமீற்றரும் இல்லை. வெறும் அம்பது நிமிசம்."

"விழுறதுக்கு ஒரு நிமிசம் காணுமப்பா."

"தாலிக்கொடி உங்களிட்டைக் கிடக்கு. நாளைக்குக் காலமை முகூர்த்தம். கஜதீபன் வெறுங்கையோடை மணவறையிலை இருக்கிறதோ?"

கஜதீபன் அவளுடைய அண்ணன் மகன். மணமகள் பாலத்துக்கு இந்தப் பக்கத்துக் கோல்டிங்காரி; மண்டபமோ அந்தப் பக்கம், கோப்பன்ஹேகனை ஒட்டிய இஷொயில். ஞானேஸ்வரி நேற்றே போய்விட்டாள். தொழிற்சாலையில் லீவு கிடைக்காத ஆனந்தராஜா, தட்டாரிடம் தாலிக்கொடியை வாங்கி வருவதாகச் சொல்லி ஊரில், ஸ்கீவவில் தங்கிவிட்டார். டென்மார்க்கில் அகதியாக வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

கைத்தொலைபேசியால் விமானத்துக்கு ஆபத்து என்று எங்கோ கேட்டிருந்தார். டாக்சியிலேயே அதை அணைத்துவிட்டார்.

சிறிய விமானம், கைப்பையும் விமானத்தின் வயிற்றுக்குள், கீழே போகவேண்டும் என்றார்கள். கீழே போனது திரும்பி வருமா? தாலிக்கொடியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். சோதனையில் காற்சட்டைப் பையையும் காலியாக்கச் சொன்னார்கள். தட்டில் போட்டால் யாராவது தூக்கிவிட்டால்? கழிவறைக்குள் ஓடினார். கழுத்தில் மாட்டினார். சட்டைப் பொத்தானைத் தொண்டைவரை பூட்டினார்.

கருவி கத்தியது.

சோதனைக்காரன் பொத்தானைக் கழற்றச் சொன்னான். நெடுநேரம் பார்த்தான்.

"பாரமான சங்கிலி. எதற்கு?"

"கலியாணம்," என்றார் ஆனந்தராஜா டேனிஷில், வியர்த்தபடி.

அவன் கைகொடுத்தான். "வாழ்த்துகள். மாப்பிள்ளை அதிர்ஷ்டசாலி."

விமானம் எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. ஆனந்தராஜா தாலியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

'பிள்ளையாரப்பா, இது என்ரை கழுத்திலை ஏறக்கூடாத சாமான். அதுக்காகப் பிளேனை விழுத்திப்போடாதை.'

கீழே கடல் வெள்ளையாகக் கொதித்தது. அதன்மேல் பாலம் ஒரு வாகனமும் இல்லாமல் கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரி வாந்திப் பையை நீட்டினாள். அவர் நிரப்பினார். அவள் தன்னுடையதையும் நீட்டினாள்.

விமானம் கோப்பன்ஹேகனில் இறங்கியது. வெளியே கஜதீபனின் தங்கை ஜெனுஷா பயணப்பெட்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஞானேஸ்வரி, கஜதீபன், ஐயர். எல்லார் கையிலும் பெட்டி.

"என்னை வரவேற்க இவ்வளவு சனமோ?" ஆனந்தராஜா தாலிக்கொடியைக் கழற்றி ஞானேஸ்வரியின் கையில் வைத்தார். "இந்தா. இனிச் செத்தாலும் பிளேன் ஏறமாட்டன்."

ஞானேஸ்வரி அதை அவசரமாகத் தன் கைப்பைக்குள் போட்டாள். ஜெனுஷாதான் வாயைத் திறந்தாள்.

"வெளிக்கிடாதேங்கோ எண்டு சொல்ல எவ்வளவு தரம் போன் அடிச்சனாங்கள், மாமா! பொம்பிளை வீட்டாக்கள் பாலத்துக்கு அங்காலை, உங்கடை பக்கத்திலை மாட்டுப்பட்டிட்டினம், கலியாணத்தைக் கோல்டிங்குக்கு மாத்தியாச்சு. வாங்கோ, உங்களுக்கும் சேர்த்துத்தான் பிளேனிலை சீற்று போட்டிருக்கு. கோல்டிங்குக்குக் கிட்ட இருக்கிற பிலுண்டுக்கு வெறும் அம்பது நிமிசம்."