ஹெங்கெமான் தின்னாத தொத்திறைச்சி

ஆட்டக்காரன் பந்து உதைத்து எள்ளளவும் ஆதாயம் அடையக் கூடாது என்பது ஜெர்மனியில் எங்கள் ரூர் வட்டாரக் கால்பந்தின் புனிதக் கொள்கை. பெரும்போர் முடிந்த கையோடு இதைக் காக்க ஒரு தூய்மைக் குழுவையும் அமைத்துவிட்டார்கள். நான் உள்ளூர் மன்றத்தின் செயலாளர். குழு கூப்பிட்டால் ஓட வேண்டியவன்.

எங்கள் மன்றத்துக்குக் கோல் அடித்துக் குவித்த ஹெங்கெமான் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போய், இருமல் வந்துவிட்டது. பயிற்சியாளர் வேலை கிடைத்தால்தான் சுரங்கத்திலிருந்து தப்பலாம். அதற்குச் சம்பளம் உண்டு. ஆனால் அதுவரை எதுவுமே பெறாதவன் என்று குழு சான்று தர வேண்டுமாம்!

குழுத் தலைவர் டாக்டர் க்னிப்பிங் ஹெங்கெமானை விசாரித்தார். செயலாளர் என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

“ஆட்டம் முடிஞ்சதும் மதுக்கடைக்காரர் உங்களுக்குப் பட்டாணி சூப் குடுத்தாராமே?”

“எல்லாருக்கும் குடுப்பார் ஐயா.”

“சூப்பைக் குழு மன்னிக்குது. அதுல தொத்திறைச்சி மிதந்துச்சா?”

“மிதந்துச்சு.”

“அப்ப அது கூலி!”

“நான் தின்னாத்தானே! முன்பல்லு ரெண்டும் மைதானத்துல போச்சு. எதால கடிக்கிறது?”

“பின்னே யாரு தின்னது?”

அட கடவுளே, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான்,” என்றேன். “ரொம்ப வருஷமா.”

“நீங்க பந்தைத் தொட்டதுண்டா?”

“சத்தியமா இல்லை.”

“அப்ப குத்தமில்லை. நிர்வாகி தின்னலாம்.”

ஹெங்கெமான் பயிற்சியாளரானான். தன் ஆட்டக்காரர்கள் யாரும் ஆதாயம் பெறவில்லை என்று எழுதித் தருவது அவனுடைய முதற்கடமை. பொய் எழுதினால் ஆயுள் தடை. பாவி மனுஷன் உண்மையை எழுதித் தொலைத்தான். பதினொரு பேருக்கும் பல் நன்றாகவே இருந்தது.

பதினொரு பேருக்கும் தடை விழுந்தது. ஹெங்கெமானின் நேர்மையைக் குழு கடிதம் எழுதி மனமாரப் பாராட்டியது. அணி இல்லாத மன்றத்துக்குப் பயிற்சியாளர் எதற்கு என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தது.

“நானே இறங்கி ஆடுறேன் ஐயா,” என்று கெஞ்சினான்.

“அதெப்படி? நீங்க சம்பளம் வாங்கினவராச்சே!” என்றார் க்னிப்பிங்.

திங்கட்கிழமை இருமிக்கொண்டே சுரங்கத்துக்குள் இறங்கினான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆட்டக்காரர் தொல்லை ஒழிந்ததிலிருந்து மன்ற நிர்வாகம் அப்பழுக்கில்லாமல் நடக்கிறது. அதற்கு முன் நடந்த மன்றக் கூட்டத்தில், ஹெங்கெமானை நீக்கும் தீர்மானத்தை யாராவது முன்மொழிய வேண்டும் என்றார்கள். நான்தான் முன்மொழிந்தேன். எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.