டிரம்முக்குள் நல்ல கிருமி

டிரம் மூடியை நுரை தூக்கிக்கொண்டு நின்றது. புளித்த வாடை சத்தியவேடு ரோடு வரைக்கும் அடித்தது.

“நிதின், போன டிரம்மு இப்படிப் பொங்கலியே! இது வழிஞ்சிக்கினு கீதே?” என்று போனில் அலறினார் திருவேங்கடம்.

“வெயிலுக்குப் பொங்கும்ணா! வெல்லத்தைத் துன்னுக்கினு நல்ல கிருமி பெருகுது. தீவனத்துல பிசைஞ்சு போடு, எறாவுக்கு நோய் அண்டாது,” என்றான் தீவனக் கம்பெனி நிதின். “அப்புறம், ஏற்றுமதிக் கம்பெனி ஆளுங்க சோதனைக்கு வர்றாங்களாம். ஆன்டிபயாடிக் போட்ட எறாவை எடுக்க மாட்டாங்க. நீதான் போடலியே, உனக்கின்னா பயம்?”

பயம்தான். போன தடவை வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டையிலிருந்த இறால் மொத்தமும் செத்து மிதந்தது. இதுவும் போனால் குட்டையை மூடிவிட்டு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் வேலைதான். ஆனால் இந்தக் கலவையைப் போட்டதிலிருந்து இறால் ஒவ்வொன்றும் குடல் நிறையத் தின்றுவிட்டுத் துள்ளுகிறது. பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“வந்தா உள்ளதைச் சொல்லு,” என்றாள் மனைவி சுலோசனா.

“போடி! குட்டையில கிருமி உட்டேன்னு சொன்னா எவன் வாங்குவான்?”

டிரம்மை வைக்கோல் போட்டு மூடினார். சூடு ஏறி இன்னும் பொங்கியது. வாடையை அடக்கச் சாம்பிராணி போட்டார். புகையும் புளிப்பும் கலந்து, ரோட்டில் போனவர்களெல்லாம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஒரு ஜீப் வந்தது. பேன்ட் சட்டையில் ஓர் அதிகாரி, கூடவே டிரைவர்.

“ஏமய்யா, டிரம்முல இன்னா?”

“மாட்டுக்குக் கழனித்தண்ணி சார்.”

“மாடு எங்க?”

“மேயப் போச்சு சார்.”

“உங்கூட்ல ஏதுண்ணா மாடு?” என்று பக்கத்துக் குட்டை வேணு வேலை மெனக்கெட்டு வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான். நாசமாய்ப் போனவன்!

அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த வெல்லத்தையும் ஈஸ்ட் பாக்கெட்டையும் பார்த்தார். “எறாவுக்கு ஏதாச்சும் மருந்தா?”

“ஐயையோ, ஏழுமலையான் சத்தியமா இல்ல சார்! ஒரு சொட்டு குட்டையில உட்டதில்ல!”

“பின்ன யாருக்கு?”

“எனக்குத்தான் சார்! சாராயம்! நானே போட்ட ஊறல்!”

சுலோசனா தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி நம்பின மாதிரி தெரியவில்லை. திருவேங்கடம் ஒரு டம்ளர் மொண்டு மடக் மடக்கென்று குடித்தார். குமட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, “சுத்தமான சரக்கு!” என்று ஏப்பம் விட்டார். நம்பிக்கைக்கு இரண்டு தள்ளாட்டமும் போட்டுக் காட்டினார்.

“இப்போ நம்புறீங்களா? எங்க எறாவை எடுத்துக்குவீங்கல்ல சார்?”

அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் சாய்ந்துவிட்டார். டிரைவர்தான் பாவம் பார்த்துச் சொன்னான்:

“எறா மருந்துன்னு மோந்ததுமே சாருக்குத் தெரிஞ்சிடுச்சுண்ணா, நீ ஆமான்னு தலையாட்டியிருந்தா புகார் பொய்னு எழுதிக்கினு அப்பவே போயிருப்போம், நாங்க சாராயம் பிடிக்கிற எக்சைஸ்காரங்க.”