கையெழுத்துக்கு ஒரு சண்டை

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் வீட்டுப் பூஜாடியைத் தானே கீழே போட்டு உடைத்துவிட்டு, "ஐயையோ! யாரு உடைச்சது?" என்று கத்தினார்.

அறையிலிருந்து பெரியவளும் சின்னவனும் ஓடி வந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. கடல் தாண்டி ஓர் அநாதை விடுதியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. 'நான் இல்ல, அவன்தான்' என்று ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடுவார்கள் என்று மனுஷன் ஆசை ஆசையாகக் காத்திருந்தார்.

"நாங்கதான் சார். சாரி" என்றாள் பெரியவள்.

சின்னவன் துடைப்பம் எடுத்து வந்தான். ஐந்து நிமிடத்தில் தரையில் ஒரு சில்லு இல்லை. பத்தாவது நிமிடம் இரண்டு பேரும் கையில் பெட்டியோடு வாசற்கதவுப் பக்கம் வந்து நின்றார்கள்.

"எங்கடா கிளம்பிட்டீங்க?"

"உடைச்சா அனுப்பிடுவாங்க, சார்" என்றான் சின்னவன். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான்.

மெக்கானிக் பாய்ந்துபோய்க் கதவை மறித்தார். "நான்தாண்டா உடைச்சேன்! சத்தியமா நானேதான்!" என்று கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"உங்களுக்கு மூளை கீளை இருக்கா?" என்று சமையலறையில் பிடித்துக்கொண்டாள் மனைவி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். குரல் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும்.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? இன்னும் நாலு நாள்தான் இருக்கு!"

அவர் பயம் நியாயமானதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த தத்து ஆபீசரம்மா, "பிள்ளைங்க விருந்தாளி மாதிரி இருக்காங்க. பெட்டியைக்கூடப் பிரிக்கல. இது தங்களோட வீடுன்னு அவங்களுக்குத் தோணணும்" என்று கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். அன்றைக்கும் கையெழுத்து விழாவிட்டால், மாதக் கடைசியில் பிள்ளைகளின் நாடு கொடுத்த அனுமதி காலாவதி. பிள்ளைகள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

"என் பஸ்ல நாப்பது வானரம்" என்றாள் மனைவி. "ஜன்னல் சீட்டுக்கு அக்கா தம்பியக் கிள்ளுது, தம்பி அக்கா பையை வெளிய வீசுது. அதுதாங்க குடும்பம். நம்ம வீட்ல தண்ணி குடுத்தாக்கூட தேங்க்யூ மேடம்!"

"சத்தமே போடாத ஃப்ரிட்ஜை நான் நம்பவே மாட்டேன். ஒண்ணு கரண்ட் இல்ல, இல்லேன்னா கம்ப்ரஸர் காலி."

"ஆபீசரம்மா முன்னால இதுங்க ஒரே ஒரு சண்டை போட்டாப் போதும், கையெழுத்து விழுந்துடும்."

திரும்பினால், இரண்டு காலி டம்ளர்களோடு பெரியவள் நின்றிருந்தாள். "தேங்க்யூ மேடம்" என்று வைத்துவிட்டுப் போனாள்.

மெக்கானிக் சும்மா இருப்பாரா? மறுநாள் ஹால் நடுவே ஒரு புதுப் பந்தை உருட்டிவிட்டார். சின்னவன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தான். அதற்கடுத்த நாள் ஒரே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிவந்து, "இருக்கறது ஒண்ணுதான்!" என்று இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பெரியவள் அதை நாலாக வெட்டி, பெரிய துண்டு இரண்டையும் இவர்களுக்கே கொடுத்தாள். அவர் அதை அழாத குறையாகத் தின்றார்.

இதற்கிடையில், மாலையில் கீழ்வீட்டு டீச்சரிடம் தமிழ் பேசப் படிக்கப் போகும் பிள்ளைகள் அரைமணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தார்கள்.

"என்ன பாடம் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் மனைவி.

"பெரிய பாடம், மேடம்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஆபீசரம்மாவும் ஃபைலோடு வந்தார். பிள்ளைகள் சோபா நுனியில், முழங்கால் மேல் கை வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று மெக்கானிக் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இருமினாள். எழுந்தாள்.

"நீ என் பென்சிலை என் அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டாய்!"

"இல்லை! அது என்னுடைய பென்சில். நீ பொய் சொல்கிறாய்!" என்றான் சின்னவன்.

"நீ ஒரு சுயநலவாதி!"

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது மாதத்தில் முதல் சண்டை! வாயெல்லாம் பல்லாக நின்றவரின் விலாவில் மனைவி இடித்தாள். "இளிக்காதீங்க. அதட்டுங்க!"

"ஏய், என்ன இது?" என்று அவர் அதட்டினார். "நீ பெரியவதானே? நீதான் விட்டுக்கொடுக்கணும். பென்சில் அவன்கிட்டயே இருக்கட்டும்!"

பெரியவள் அப்படியே நின்றாள். முகம் குப்பென்று சிவந்தது.

"நானா? எப்பப் பாரு நானே விட்டுக்கொடுக்கணுமா? சின்னவன்னா அவன் என்ன வேணா பண்ணலாமா? போங்கப்பா!"

அறைக்குள் போய்ப் படாரென்று கதவைச் சாத்தினாள். சுவரில் இருந்த காலண்டர் கீழே விழுந்தது. சின்னவன் திறந்த வாயை மூடவில்லை.

ஆபீசரம்மா விழுந்த காலண்டரை எடுத்து மேஜையில் வைத்தார். "எங்க வீட்லயும் தினம் இதே ரோதனைதான்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

அவர் தலை மறைந்ததும் டீச்சர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "விழுந்துதா?"

"விழுந்துடுச்சு டீச்சர்! என்னா சண்டை, என்னா சண்டை!"

டீச்சர் நெளிந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தச் சண்டையை எழுதிக்குடுத்ததே நான்தான். 'சண்டை போடச் சொல்லிக்குடுங்க, இல்லேன்னா இங்க இருக்க விடமாட்டாங்க'ன்னு பெரியவ வந்து நின்னா. மனசு கேக்கல. மூணு நாள் ஒத்திகை."

மெக்கானிக் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. "அப்ப அத்தனையும் நடிப்பா? அந்தக் கதவைச் சாத்தினது? 'போங்கப்பா'ன்னது?"

டீச்சர் தாளைப் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கதவு? எந்த அப்பா? என் பாடம் 'சுயநலவாதி'யோட முடிஞ்சுபோச்சே, சார்!"