டச்பேட் விடுதலை பெற்ற வீர வரலாறு

அடிமைத்தளைகள் அறுந்த நாட்களை உலகம் பொன்னெழுத்துகளில் பொறித்து வைத்திருக்கிறது. அந்த வரிசையில், மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு லேப்டாப்பின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் துடைத்தெறியப்பட்டு, யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய 'சுதந்திர' சிஸ்டம் அரியணை ஏறிய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தே ஆகவேண்டும். விடுதலை செய்தவர் கணவர். கணினிச் சுதந்திரப் பேரவையின் செயலாளர். லேப்டாப் மனைவியுடையது. மொழிபெயர்ப்பாளரான அவள், புரட்சி நடந்தபோது காய்கறிக் கடையில் இருந்தாள். விடுதலை கொடுப்பதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

வீடு திரும்பி லேப்டாப்பைத் திறந்தவளுக்கு, விரலால் தடவும் டச்பேட் பிடிகொடுக்கவே இல்லை.

"என்னங்க, கீழே தள்ளினா பக்கம் மேலே போகுது."

"அதுதான் இயற்கையான திசை. இத்தனை வருஷமா நீதான் இயற்கைக்கு விரோதமா தள்ளிட்டு இருந்தே."

"டைப் பண்ணும்போது கர்சர் எங்கெங்கயோ குதிக்குதே?"

"உன் உள்ளங்கை டச்பேட்ல படுது. கையைத் தூக்கி வெச்சுக்கிட்டு அடி."

"தோள் வலிக்குதுங்க. புதன்கிழமை எனக்கு டெஸ்ட். ஒரு மவுஸ் வாங்கிக்கிறேன்."

"மவுஸா! செயலாளர் வீட்டுலயே மவுஸ்னா பேரவையில என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? நான் சரி பண்ணித் தர்றேன்."

பக்கக் கூலிக்கு மொழிபெயர்த்தே அலுத்துப்போனவளுக்கு, ஒரு பதிப்பகத்தில் நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் தேர்வு எழுதித் தேறினால் போதும். கணவரும் கறுப்புத் திரையில் கட்டளைகளாகப் பொழிந்து தள்ளினார். அதன் பயனாக, அதுவரை ஒழுங்காக இருந்த ரைட் கிளிக்கும் வீரமரணம் எய்தியது.

"இதெல்லாம் வளர்ச்சிக் கட்டம்" என்றார்.

புதன்கிழமை முழங்கைகளை அந்தரத்தில் நிறுத்தியபடி தேர்வு எழுதினாள். நன்றாகவே எழுதினாள். கடைசிப் பத்தியில் கை அசந்து இறங்கியது. உள்ளங்கை பட்ட மாத்திரத்தில் தேர்வுப் பக்கம் மூடிக்கொண்டது. 'நீங்கள் தேர்விலிருந்து வெளியேறிவிட்டீர்கள்' என்றது திரை. பதிப்பகத்தாரிடம் போனில் கெஞ்சிப் பார்த்தாள். ஒருவருக்கு ஒரு வாய்ப்புதான் என்று கைவிரித்துவிட்டார்கள். அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

மாலையில் வந்த கணவர் விஷயத்தைக் கேட்டு முகம் மலர்ந்தார்.

"ஹேங் ஆகாம டக்குனு மூடிச்சா? பாத்தியா! பழைய சிஸ்டம்னா சுத்திக்கிட்டே நின்னிருக்கும்."



அடுத்த வாரம் பேரவைக் கூட்டம் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. "இல்லத்தரசிகளும் எளிதில் கையாளும் நிலையை நமது சிஸ்டம் எட்டிவிட்டது" என்று செயலாளர் அறிக்கை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா."

"ஒரே ஒரு சந்தேகம்தான் சார்" என்றவள், கணவரைப் பார்த்தாள். "உங்க லேப்டாப்புக்கு எப்பங்க விடுதலை?"

"அதுலயா?" பதறிப்போனார் செயலாளர். "அதுல என் ஆபீஸ் வேலை இருக்கே! அதோட போய் விளையாட முடியுமா?"

நியாயமான காரணம்தான் என்று பேரவை ஒருமனதாகத் தலையாட்டியது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், சுதந்திரத்துக்காக அவரவர் மனைவியின் வேலையைத் தியாகம் செய்த தியாகிகள்.